அமெரிக்கால பள்ளிவாசல் கமிட்டிக்கு எங்க மைனி நிக்கலாமா?

தக்கலை_பொண்ணு:
ஸலாம். எங்க மைனி டெக்ஸஸ்ல இருக்காவ, அங்க பள்ளிவாசல் போர்டு எலக்‌ஷன்ல நிக்கச் சொல்லி கேக்காங்களாம், வாப்பாட்ட சொன்னதும் வீட்ல ஒரே சண்டை, பொம்பள இமாம் ஆகப் போறாளான்னு. அங்க இதெல்லாம் சகஜமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, வாப்பாட்ட காட்டணும்.

குளச்சல்காரன்:
இமாமத், அதாவது தொழ வைக்கிறது வேற, நிர்வாகம் வேற. இஸ்னான்னு (ISNA) அங்க முஸ்லிம்களுக்குப் பெரிய அமைப்பு ஒண்ணு, அதுக்கு இங்கிரிட் மேட்சன்னு ஒரு பொம்பள 2001-ல துணைத் தலைவர், 2006-ல தலைவர். கனடால பொறந்து இஸ்லாத்துக்கு வந்தவங்க. என்னைக் கேட்டா அந்தப் பதவியவிட ஹார்ட்ஃபோர்ட் செமினரிங்கிற சமயக் கல்லூரில அவங்க ஆரம்பிச்ச சாப்ளின் படிப்புதான் பெருசு. ஆஸ்பத்திரி, ஜெயில், காலேஜ்ல முஸ்லிம்களுக்குத் துஆ ஓத, ஆறுதல் சொல்ல, மவுத் ஆனா குடும்பத்துக்கூட நிக்க சம்பளத்துக்கே ஆள் இருக்காங்க, அவங்கதான் சாப்ளின், அதுல பொம்பளைங்களும் உண்டு.

எல்லைவாசி:
2005-ல நியூயார்க்ல ஆமினா வதூத்னு ஒரு பொம்பள ஆம்பளைங்களையும் சேத்து ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) தொழ வச்சத ஏன் சொல்லல? அவ்ளோ தூரம் எதுக்கு, இந்தா கேரளால மலப்புரம் வண்டூர்ல 2018-ல ஜாமிதா டீச்சர்னு ஒரு பொம்பள நடத்தலயா. இன்னிக்கு போர்டு, நாளைக்கு மிம்பர் (பிரசங்க மேடை).

ராத்தா_களியக்காவிளை:
வதூத்துக்கு எந்தப் பள்ளியும் எடம் தரல, சர்ச் கட்டடத்துல தான் நடந்துச்சு, ஆலிம்கள் பெரும்பாலும் எதிர்த்தாவ. லாஸ் ஏஞ்சல்ஸ்ல 2015-ல பொம்பளைங்களுக்கு மட்டும்னு ஜும்ஆ ஆரம்பிச்சது இன்னொரு கத. மைனிக்கு வர்ற வேல இதொண்ணும் இல்ல, பட்ஜெட், பார்க்கிங், சண்டே மதரஸா. நம்ம பக்கம் ஜமாஅத்ல தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவுன்னு கட்டுறது) ஆம்பள பேர்ல, அதனால கூட்டத்துலயும் அவியதான் இருப்பாவ. அங்க நெறைய பள்ளில ஆளாளுக்கு மெம்பர்ஷிப், சந்தா கட்டுனவளுக்கும் ஓட்டு உண்டு. சந்தா கணக்குல இருக்க வித்தியாசத்த மார்க்கத்து மேல போடாதீங்க. நம்மூர்ல புருஷன் மவுத்தான ராத்தாமார் வரி கட்டுறாவளே, அவியள யாரு கூட்டத்துக்குக் கூப்பிடுறா? பாறசாலைக்கு அங்கிட்டு கேரளால முஜாஹித்ங்கிற சீர்திருத்த அமைப்போட பள்ளியள்ல பொம்பளைங்க ஜும்ஆவுக்குப் போறதாவது உண்டு.

எல்லைவாசி:
வரி விஷயம் சரிதான் ராத்தா. மிம்பர்ல நான் மாற மாட்டேன்.

தக்கலை_பொண்ணு:
வாப்பாட்ட வாசிச்சேன், கணக்குப் பாக்கத்தானேன்னு கொஞ்சம் எறங்கி வந்துட்டாவ. குளச்சல் காக்கா, அந்த சாப்ளின் படிப்புக்கு ஆலிமா ஸனது (மார்க்கம் படிச்ச சர்டிபிகேட்) போதுமா? என் தங்கச்சி நிஸ்வான்ல (பொம்பளைப் பிள்ளைங்க மதரஸா) ஓதுறா.

குளச்சல்காரன்:
போதாது பிள்ளே, அது எம்.ஏ மாதிரி மேல்படிப்பு, முதல்ல டிகிரி முடிக்கணும். ஓதுறதோட கரஸ்ல பி.ஏ சேத்து விடுங்க.