ஒரு கிட்டார், ஒரு குரல்: இதில் என்ன இருக்கிறது?

பண்டாரவளைப் பையன்:
கொழும்பில் வேலை. ஊருக்கு வரும் ரயிலில் இப்போதெல்லாம் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' (1972) ஆல்பம் மட்டுமே ஓடுகிறது. முதல் பாட்டில் கொஞ்சம் பியானோ வரும், மற்றபடி அவர் கிட்டாரும் குரலும்தான். மொத்தமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். "மத்த ஆளுங்க எல்லாம் லீவா?" என்று கேட்டார்.

இளையராஜா கேட்டு வளர்ந்தவன் நான். வயலின் கூட்டம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் இந்த ஒற்றை ஆள் பாட்டு ஏன் இப்படிப் பிடித்து இழுக்கிறது? நம் பக்கம் இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா? தப்பு, உருமி எல்லாமே கூட்டத்தோடு அடிப்பதுதானே.

லயத்துக்காரி:
தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம் எனக்கு. தம்பி, நம் பக்கம் நிறையவே இருக்கிறது, கிட்டார்தான் இல்லை. தாலாட்டு யாருக்கு? ஒரு பிள்ளைக்கு. ஒப்பாரி? படுத்திருக்கும் அந்த ஒருவருக்கு. எங்கள் அப்பாயி ஒப்பாரி வைத்தால் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கக் கேட்கும், ஆனால் "நீ போயிட்டியே" என்று அவர் கேட்பது செத்தவரிடம் மட்டும். நாம் ஓரமாய் நின்று ஒட்டுக் கேட்கிறோம். உங்கள் நிக் டிரேக்கிடமும் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் சபைக்குப் பாடவில்லை.

அடுத்தது மூச்சு. அப்பாயிக்குத் தாளம் கிடையாது. அழுகை முட்டினால் வரி நீளும், மூச்சு வாங்கினால் நிற்கும். பாடுகிறவரே வாசித்தால் கிட்டாரும் அப்படிக் காத்திருக்கும். பத்துப் பேர் வாசிக்கும் இடத்தில் அழுகைக்காக யார் நிற்பார்கள்?

அமெரிக்க ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் கேளுங்கள். கட்டைவிரல் தடித்த, கீழ்ச்சுருதிக் கம்பிகளில் விடாமல் நடக்கும், மற்ற விரல்கள் மெட்டைப் பாடும். 1928இல் இசைத்தட்டு வந்தது, சரியாக விற்கவில்லை, மனிதர் பழையபடி பண்ணை வேலைக்குப் போய்விட்டார். அவர் பாட்டொன்றில் வரும் அவலான் என்ற ஊர்ப் பெயரை வைத்துத்தான் 1963இல் தேடிப் பிடித்தார்கள்.

அதே நாட்டு எலிசபெத் காட்டன் இன்னும் பிடிக்கும். இடது கைக்காரர், கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். அதனால் அவருக்கு மெட்டு கட்டைவிரலில். சீகர் குடும்பத்தில் வீட்டு வேலை செய்து கொண்டிருந்தார், அங்கேதான் அவர் வாசிப்பது தெரியவந்தது. 1958இல் முதல் இசைத்தட்டு வந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அது பாட்டுக்காரர்கள் வீடு, கவனித்தார்கள். கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன நம் பெண்களை "உனக்குப் பாட வருமா" என்று எந்த நோனா (வீட்டுக்கார அம்மா) கேட்டிருப்பார்? மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை நம் பாடல்களைத் தொகுத்து வைத்ததால் வரிகளாவது மிஞ்சின. மெட்டு போனது போனதுதான்.

ஆறாம் கம்பி:
அக்கா, கொஞ்சம் மாறுபடுகிறேன். தோட்டங்களில் காமன்-ரதி கதையை ஆடும் காமன் கூத்தும் நாட்டார் கலைதான், அதைத் தனியாக ஆட முடியுமா? மாசியில் பனியில் தப்புத் தோல் தொய்ந்துபோகும், நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கிறார்கள், அதற்கே நாலு பேர் வேண்டும். தனியாகப் பாடினால்தான் உண்மை என்று ஆக்கிவிட வேண்டாம்.

தனிப் பாட்டு என்று நாம் கேட்பதிலும் மைக் வேலை இருக்கிறது. அமெரிக்க ராக் பாடகர் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' (1982) ஆல்பம் வீட்டில் நாலு டிராக் (நாலு தடம் தனித்தனியாகப் பதியும்) கேசட்டில் மாதிரிக்காகப் பதிந்தது. பிறகு இசைக்குழுவோடு வாசித்துப் பார்த்துச் சரிவராமல் கேசட்டையே வெளியிட்டார்கள். அதிலும் தான் முதலில் பதிந்ததன் மேல் தானே மறுபடி சேர்த்து வாசித்திருக்கிறார்.

 

லயத்துக்காரி:
கூத்தை நான் குறைக்கவில்லை தம்பி. இரவு முழுக்க உட்கார்ந்து பார்க்கிறவள்தான். ஆனால் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே பாடுவது இப்போது அபூர்வம். பேர் (ஒரு நாள் முழுச் சம்பளம்) விழ வேண்டுமே, கிலோவைத்தான் பார்க்க முடிகிறது.

பண்டாரவளைப் பையன்:
அக்கா, அப்பாயி பாடியதைப் பதிவு செய்து வைத்தீர்களா?

லயத்துக்காரி:
ஒப்பாரியைச் சும்மா பாடச் சொன்னால் பாட மாட்டார், வீட்டுக்கு ஆகாதாம். தாலாட்டு மட்டும் போனில் இருக்கிறது. நடுவில் ஸ்தோப்பில் (திண்ணையில்) ஏறிய கோழியைத் திட்டிவிட்டு, விட்ட வரியிலிருந்தே தொடங்குகிறார். அதை நான் வெட்டவில்லை. அனுப்புகிறேன், அப்பாவுக்கும் போட்டுக் காட்டுங்கள்.