எம்டிடி ஒன்று சொல்கிறது, டிரைபான் புளூ வேறொன்று சொல்கிறது: எதை நம்புவது?

வணக்கம். செல் கல்ச்சரில் அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) ஒரு தாவரச் சாறு செல்களைக் கொல்கிறதா என்று சோதிக்கிறேன். 96 குழித் தட்டில் 24 மணி நேரம் சாறு, அப்புறம் எம்டிடி (உயிருள்ள செல்கள் ஊதாப் படிகமாக மாற்றும் மஞ்சள் சாயம்) சேர்த்து 4 மணி நேரம், ஊதாப் படிகங்களை டிஎம்எஸ்ஓவில் கரைத்து 570 நானோமீட்டரில் அளவீடு. அதிகச் செறிவில்கூட, சாறு சேர்க்காத கன்ட்ரோலைவிட அளவு கூடுதலாக வருகிறது, அதாவது செல்கள் நன்றாக இருப்பதுபோல். ஆனால் நுண்ணோக்கியில் செல்கள் உருண்டு கழன்று மிதக்கின்றன, 0.4% டிரைபான் புளூ போட்டு எண்ணினால் பாதிக்கு மேல் நீலம், அதாவது இறந்தவை.

எம்டிடி உயிரை நேரடியாக அளப்பதில்லை, செல்லின் நொதிகள் அதை ஃபார்மசானாக (அந்த ஊதாப் படிகம்) ஒடுக்குவதைத்தான் அளக்கிறது. சாற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமல் அந்த வேலையைச் செய்துவிடும் என்பதால் எனக்குச் சந்தேகம் அங்கேதான்.

செல் இல்லாத குழிகளில் சாறும் எம்டிடியும் மட்டும் வைத்து அந்த அளவைக் கழித்தால் போதுமா, இல்லை எம்டிடிக்கு முன்பே பிபிஎஸ் உப்புக் கரைசலால் கழுவிவிடுவது நல்லதா? கழுவினால் தளர்ந்த செல்களும் போய்விடுமே, அதில் உயிரோடு இருப்பவையும் இருக்கலாம்.

வேறு முறைக்கு மாறலாம் என்றால், எல்டிஹெச் (சேதமான செல்லிலிருந்து வெளியேறும் நொதி) கசிவா, ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) அளவீடா, புரோப்பிடியம் அயோடைடு (சவ்வு சிதைந்த செல்லுக்குள் நுழையும் ஒளிரும் சாயம்) போட்டு ஃப்ளோ சைட்டோமெட்ரியா (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் அளப்பது)? சாறு அடர்பச்சை நிறம், அதன் சொந்த ஒளிர்வு குறுக்கிடுமோ என்று பயமாக இருக்கிறது. நிறமுள்ள சாறுகளோடு வேலை செய்தவர்கள் எந்த இரண்டு முறைகளைச் சேர்த்துப் பயன்படுத்தினீர்கள், என்னென்ன கன்ட்ரோல் வைத்தீர்கள் என்று விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.