‘ஐ ரிலீஃப்’ தமிழில் என்ன? (பேசுவோர் ஊர்ப்பெயரால் குறிக்கப்பட்டுள்ளனர்)

செந்தூல்:
வணக்கம். வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஐ ரிலீஃப்’ ஒன்றுதான் பாக்கி. வரைவில் ‘கண் நிவாரணம்’ என்றிருக்கிறது. படிப்பவருக்கு வெள்ள நிவாரண மையம்தான் நினைவுக்கு வரும். பின்பக்க வில்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் படம் முழுவட்டமாகத் தெரியுமோ, அந்தத் தூரம் அது. நல்ல ஸ்கோப்பில் ஏறக்குறைய 90 மி.மீ.

பாயான் லெப்பாஸ்:
‘கண்ணிடை’. நான்கே எழுத்து, வாயில் நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸ்:
ஐயா, நன்னூல் தரும் ஏழாம் வேற்றுமை உருபுகளில் கண்ணும் உண்டு, இடையும் உண்டு. ‘கண்ணிடை’ என்றால் ‘கண்ணில்’ என்றுதான் பொருள்படும். வில்லை கண்ணில் இருந்தால் துப்பாக்கி உதைக்கும்போது புருவம் கிழியும். ‘விழித்தொலைவு’ என்போம்.

பாயான் லெப்பாஸ்:
அரைச்சாண்கூட இல்லாததற்குத் தொலைவா? இடை உருபு மட்டுமல்ல. இடைகழி, இடைவேளை எல்லாம் நடுவில் உள்ளதைத்தானே சொல்கின்றன?

கிள்ளான்:
சொல் எதுவானாலும் பொருத்தும் முறை தெளிவாக இருக்கட்டும். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வையுங்கள். பல ஸ்கோப்புகளில் அங்கேதான் இந்தத் தூரம் குறுகும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் வளையத் திருகுகளைத் தளர்த்தி, கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, பிறகு திறங்கள். ஓரத்தில் கருவளையம் தெரிந்தால் குழாயை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். படுத்துச் சுடும்போது தலை தானாக முன்னே போகும். நின்று மட்டும் பார்த்து இறுக்கினால் அங்கேதான் அடி விழும். இருகண் நோக்கிக்கு 15, 20 மி.மீ. போதும், அதற்கு உதையே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ்:
வரலாற்றுப் பகுதியில் ‘பூச்சு’ என்பதும் உறுத்துகிறது. பூச்சு சுவருக்கு. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் ஒளியியல் நிறுவனத்தில் ஸ்மாகுலா என்ற இயற்பியலாளர் கண்டது, வில்லையில் பட்ட ஒளி திரும்பிப் போவதைக் குறைக்கும் மென்படலம். அது இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடும். பத்துப் பரப்பைக் கடப்பதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அந்தி வேட்டையில் விலை உயர்ந்த ஸ்கோப்பின் அருமை அங்கேதான் தெரியும்.

செந்தூல்:
‘மென்படலம்’ ஏற்கிறேன். மற்றதற்கு ‘கண் இடைவெளி’ என்று நான்கு பேர் தனிமடலில் சொல்லிவிட்டார்கள். அதையே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘ஐ ரிலீஃப்’.

பிரிக்பீல்ட்ஸ்:
போடுங்கள். இடைவெளி என்றால் எந்த இரண்டுக்கு நடுவில் என்று சொல்லவில்லையே. இரு கண்களுக்கு நடுவில் என்று ஒருவர் அளந்துவிடுவார். ‘விழித்தொலைவு’ என் கட்சியாகவே இருக்கட்டும்.