முதல் டிஎஸ்எல்ஆர்: போட்டோவும் வேண்டும், வீடியோவும் வேண்டும். உங்கள் அனுபவம் என்ன?

ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் முதலில் வந்து விழுவது மெகாபிக்சல் கணக்குதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000 புள்ளிகள். முழு எச்டி வீடியோவுக்குத் தேவை 1920க்கு 1080தான். போட்டோ மட்டும் எடுக்கப் போகிறவர் எந்தக் கம்பெனியின் எந்தக் கேமராவை வாங்கினாலும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் வீடியோ பட்டனை அழுத்தும்போதுதான் வெளியே வருகிறது. அதனால் விளம்பரத்தில் இருப்பதை விட்டுவிட்டு, கையில் வைத்துப் புழங்கியபோது பட்டதை மட்டும் எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். என் முதல் கேமராவில் போட்டோ எடுக்கும்போது பட்டனைப் பாதி அழுத்தினாலே டக்கென்று ஃபோகஸ் பிடிக்கும். அதே கேமராவில் தவழ்ந்து வரும் குழந்தையை வீடியோ எடுத்தேன். முகம் தெளியும், கலங்கும், பின்னால் இருக்கும் நாற்காலி தெளியும், மறுபடி முகம். கடைசியில் குழந்தை வந்து லென்ஸின் மேல் கையை வைத்த பிறகும் அது தேடிக்கொண்டுதான் இருந்தது!

உள்ளே நடப்பது இதுதான். போட்டோவின்போது லென்ஸ் வழியாக வரும் ஒளியில் ஒரு பங்கு, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தனி ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பது அதற்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். வீடியோவில் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்கிறது. அந்தச் சென்சாருக்கு வேலை போய்விடும், வியூஃபைண்டரும் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) இருட்டாகிவிடும். அப்புறம் படம் பதியும் சென்சாரே வெளிச்சம், இருட்டு வேறுபாட்டை, அதாவது கான்ட்ராஸ்ட்டைப் பார்த்துப் பார்த்து முன்னும் பின்னும் அலைய வேண்டும். வீடியோ வசதியோடு வந்த முதல் டிஎஸ்எல்ஆரான நிகான் டி90 (2008), பதிவு ஓடும்போது தானாக ஃபோகஸ் செய்யவே செய்யாது. 2010இல் வந்த டி3100 செய்தது, ஆனால் அலைந்துதான் பிடிக்கும். 2013இல் கேனன் 70டியில் வந்த டூயல் பிக்சல் முறைதான் இதை மாற்றியது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இரண்டு ஒளி உணரிகள். அதனால் பட சென்சாரே திசையையும் தூரத்தையும் கண்டுகொள்ளும். 2017இல் 200டி வழியாக அது சின்ன உடலுக்கும் (லென்ஸ் நீங்கலான கேமராவுக்கு) இறங்கியது.

நடமாடும் ஆட்களை எடுக்க வேண்டும், கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பப் பொறுமை இல்லை என்பவருக்கு, என் பார்வையில் பட்டியல் இந்த ஒரு விஷயத்திலேயே பாதியாகிவிடும்.

* * *

ஃபோகஸைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் நான் சத்தத்தைத்தான் முதலில் வைப்பேன். கொஞ்சம் கலங்கிய படத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், கேட்காத பேச்சைப் பொறுக்க மாட்டார்கள்.

குடும்பத்தில் மூத்தவர் ஒருவரை உட்காரவைத்து, அவருடைய பழைய கதைகளைப் பதிவு செய்தேன். கேமராவின் உள் மைக்கில் அவர் குரலை விட லென்ஸ் மோட்டாரின் 'க்ரீச்' தெளிவாகக் கேட்டது. ஃபோகஸ் நகரும்போதெல்லாம் ஒரு பூச்சி குறுக்கே பறப்பது மாதிரி. வெளி மைக் வாங்கிச் சரிசெய்யலாம் என்று பார்த்தால் அந்த உடலில் மைக் செருகும் துளையே கிடையாது.

வாங்கும் முன் இதை மட்டும் உடலைத் திருப்பிப் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். புதிய மாடல் என்றால் வசதி கூடியிருக்கும் என்று நம்ப முடியாது. நிகான் டி3200, டி3300 இரண்டிலும் மைக் துளை இருந்தது. 2016இல் வந்த டி3400இல் எடுத்துவிட்டார்கள், 2018இன் டி3500இலும் இல்லை. கேனனில் 1300டி, 1500டி இரண்டிலும் இல்லை. ஆனால் 2010இலேயே வந்த 550டியில் இருக்கிறது! 600டி, 700டி, 200டி, நிகானில் டி5100 தொடங்கி டி5600 வரை இருக்கிறது. ஹெட்ஃபோன் துளை இவை எதிலும் இல்லை. என்ன பதிகிறது என்பதை அப்போதே கேட்க வழியில்லை, எடுத்துவிட்டுப் போட்டுத்தான் கேட்க வேண்டும். அதனால் தொடங்கும் முன் ஒரு நிமிடம் பேசவைத்துச் சோதித்துக்கொள்கிறேன்.

மைக் துளை இல்லாத உடல் ஏற்கெனவே கையில் இருந்தால் அதை விற்க ஓட வேண்டாம். சின்ன வாய்ஸ் ரெக்கார்டரையோ, கைப்பேசியையோ பேசுபவரின் சட்டைப்பையில் போட்டுவிட்டு, இரண்டும் ஓடத் தொடங்கியதும் ஒரு முறை கைதட்டுங்கள். எடிட் செய்யும்போது இரண்டு பதிவிலும் அந்தத் தட்டல் வரும் இடத்தைப் பொருத்தினால் போதும். நான் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன், மைக் துளை இருக்கும் உடலிலும்கூட.

* * *

சகோ, நிகான் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சேதி. டி3000, டி5000 வரிசை உடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோஃபோகஸ். என் மாமா ஆசையாகத் தந்த பழைய 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸ் என் உடலில் அழகாகப் பொருந்தியது, படமும் அருமை, ஃபோகஸ் மட்டும் கையால்தான். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருப்பதைப் பாருங்கள். இன்னொரு பக்கம், புதிதாக வந்த ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3100, டி5100 போன்ற பழைய உடல்களில் ஃபோகஸ் செய்யாது. ஆகப் பழைய லென்ஸ் புது உடலிலும் சிக்கல், புது லென்ஸ் பழைய உடலிலும் சிக்கல். கேனன் இஎஃப் லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை.

50 எம்எம் பற்றி இன்னொன்று. எல்லோரும் 'முதல் பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) 50தான்' என்பார்கள். ஆரம்பநிலை உடல்களின் சென்சார் ஏபிஎஸ்-சி அளவு, அதாவது பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவிலான முழு ஃபிரேமை விடச் சின்னது. அதில் 50 எம்எம்மின் பார்வை, முழு ஃபிரேமில் 75 அல்லது 80 எம்எம் காட்டும் அளவுக்குக் குறுகிவிடும். ஒருவர் முகத்துக்கு அது நன்றாக இருக்கும். வீட்டு அறைக்குள் நாலு பேரைச் சேர்த்து எடுக்கப் பார்த்தால் முதுகு சுவரில் முட்டும். நிகானில் 35 எம்எம் எஃப்/1.8 டிஎக்ஸ், கேனனில் 24 எம்எம் எஃப்/2.8 எஸ்டிஎம், இவைதான் இந்த உடல்களுக்கு அன்றாடம் மாட்டிவைக்க ஏற்றவை. எஸ்டிஎம் என்று இருந்தால் மோட்டார் சத்தமும் குறைவு. மேலே அக்கா சொன்ன பூச்சித் தொல்லை அவ்வளவாக இருக்காது.

* * *

நான் மேடை நிகழ்ச்சிகள் எடுப்பவள். நடனம் உச்சத்துக்குப் போகிற நேரத்தில் கேமரா தானாக நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். பழுது என்றுதான் பதறினேன். பழுதில்லை, வரம்பு. பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்கள் ஒரு கிளிப்பை 29 நிமிடம் 59 விநாடிக்கு மேல் பதியாது. 30 நிமிடத்தைத் தொட்டால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது வீடியோ கேமரா கணக்கில் சேர்ந்து கூடுதல் சுங்கவரி வந்துவிடும் என்று அப்போது இருந்ததால் கம்பெனிகள் வைத்த எல்லை. பழைய உடல்களில் அதற்கும் முன்பே, கோப்பு 4 ஜிபி ஆனதும் நின்றுவிடும். 550டியில் முழு எச்டி என்றால் அது ஏறக்குறைய 12 நிமிடம்தான்.

இப்போது ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் கைதட்டல் வரும்போது நிறுத்தி மறுபடி தொடங்குகிறேன். முழு நிகழ்ச்சியையும் நிறுத்தாமல் பதிய வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால், தயவுசெய்து டிஎஸ்எல்ஆர் வாங்காதீர்கள். கேம்கார்டர் அதற்காகவே இருக்கிறது.

* * *

பேட்டரியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! டி3500 ஒரு சார்ஜில் 1550 படம் என்று கம்பெனி சொல்வது வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து எடுக்கும்போது. வீடியோவில் திரையும் சென்சாரும் விடாமல் ஓடுவதால் அது சீக்கிரம் தீரும். இன்னொரு பேட்டரி வாங்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

* * *

'வீட்டுக்குள் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன, கேமராவை மாற்றித் தரச் சொல்லலாமா?' என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். கேமராவில் ஒன்றுமில்லை. விளக்கு மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கிறது. ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம், அதோடு ஒத்துப்போகாவிட்டால் பட்டை தெரியும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. மட்டமான சில எல்இடி விளக்குகள் இதற்கும் அடங்காது, அங்கே விளக்கை மாற்றுவதுதான் வழி.

இதனால்தான் வீடியோவில் எல்லாவற்றையும் கையால் அமைக்க விடும் உடலாகப் பாருங்கள் என்கிறேன். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 1/50 ஷட்டரில் அசைவு கண்ணுக்கு இயல்பாக இருக்கும். ஆனால் வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும். அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) சுருக்கினால் பின்னணி கலங்கும் அழகு போய்விடும். அதற்குத்தான் லென்ஸ் முன்னால் மாட்டும், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர். உடலுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை அதற்கு ஒதுக்குங்கள்.

ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். டி5200 போன்ற நிகான் உடல்களில் லைவ் வியூ (பின் திரையில் நேரடியாகப் படம் காட்டும் முறை) ஓடும்போது அப்பர்ச்சர் எண்ணை மாற்றினால் திரையில் எண் மாறும், லென்ஸின் இதழ்கள் நகராது. லைவ் வியூவை அணைத்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். போட்டோக்காரருக்கு இது தெரியவே தெரியாது, வீடியோக்காரருக்கு ஒவ்வொரு ஷாட்டிலும் தெரியும்.

* * *

எல்லோரும் கோபித்துக்கொள்ளாதீர்கள்: இன்றைக்கு டிஎஸ்எல்ஆரே எதற்கு? நிகான் டி3000 வரிசையில் 2018க்குப் பிறகு புது உடல் வரவில்லை. கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் வந்தபின் முதலில் சொன்ன ஃபோகஸ் பிரச்சினையே பிறக்காது. வியூஃபைண்டருக்குள்ளேயே வீடியோவைப் பார்க்கலாம்.

* * *

மேலே கேட்டவருக்கு: கையில் காசு தாராளமாக இருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் மிரர்லெஸுக்கு மாறுகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் உடலும் லென்ஸும் கற்றுக்கொள்கிறவருக்கு நல்ல வாய்ப்பு. பின்னால் மாறினாலும் லென்ஸ் வீணாகாது. இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாகக் கேனனின் ஆர் என்ற மிரர்லெஸ் வரிசையில் நன்றாகவே ஃபோகஸ் செய்கின்றன.

என் உடல் ஒருவர் பயன்படுத்தி விற்றது. வாங்கும்போது அவர் ஷட்டர் எண்ணிக்கை (இதுவரை எடுத்த படங்களின் கணக்கு) குறைவு என்று அடித்துச் சொன்னார். நிகானில் இதைச் சரிபார்ப்பது சுலபம், எடுத்த படக் கோப்புக்குள்ளேயே அந்த எண் பதிந்திருக்கும். கேனனில் பெரும்பாலான உடல்களுக்குத் தனி மென்பொருள் வேண்டும். அவர் சொன்ன எண்ணும் கோப்பில் இருந்த எண்ணும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன். நிறைய வீடியோ எடுத்த உடலில் எண்ணிக்கை குறைவாகவே காட்டும் என்பதையும் மறக்காதீர்கள். பதிவு எவ்வளவு நேரம் ஓடினாலும் ஷட்டருக்கு அதனால் கூடுதல் வேலை இல்லை. அதனால் மைக் துளை தளர்ந்திருக்கிறதா, மடக்குத் திரையை முழுக்கத் திருப்பினால் படம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு ஒரு வீடியோ எடுத்து, இருட்டில் வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றனவா என்றும் பாருங்கள்.

* * *

நான் 200டி மார்க் 2 எடுக்கலாம் என்று இருக்கிறேன், 4கே இருக்கிறது என்பதற்காக. சரிதானா?

* * *

இழையைத் தொடங்கியவன் வந்துவிட்டேன். நல்ல உடல்தான், ஆனால் 4கேவுக்காக என்றால் யோசியுங்கள். 4கே போட்டதும் சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும். பார்வை மேலும் சுமார் 1.6 மடங்கு குறுகிவிடும். கேமராவோடு வரும் கிட் லென்ஸின் 18 எம்எம்மிலேயே அறையின் ஒரு மூலைதான் அடங்கும். அதோடு டூயல் பிக்சல் ஃபோகஸ் 4கேவில் வேலை செய்யாது, பழையபடி அலையத் தொடங்கிவிடும். முழு எச்டியில் இரண்டு சிக்கலும் இல்லை, விநாடிக்கு 60 ஃபிரேம் வரை போகும். அந்த உடலை முழு எச்டி கேமராவாக நினைத்து வாங்குவதானால் தாராளமாக வாங்குங்கள். மார்க் 2 இல்லாத பழைய 200டி நல்ல நிலையில் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் ஒரு மைக்கும் 24 எம்எம் லென்ஸும் வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை. எதை எடுத்தீர்கள் என்று இங்கேயே வந்து சொல்லுங்கள்.