தலைகீழாக மிதக்கும் தங்கமீன், யாராவது வழி சொல்லுங்கள்

கொளத்தூரில் வாங்கிய எங்கள் ஒரண்டா வகைத் தங்கமீன் மூன்று நாளாக வயிறு மேலே தெரிய மிதக்கிறது. 60 லிட்டர் தொட்டி, ஃபில்டர் உண்டு. துடுப்பை அடித்துக்கொண்டு கீழே போகப் பார்க்கிறது, அடுத்த நொடி தக்கை மாதிரி மேலே வந்துவிடுகிறது. தண்ணீருக்கு வெளியே நிற்கும் வயிறு காய்ந்து, எட்டணா அளவுக்குச் சிவந்திருக்கிறது. எனக்கு அதுதான் பயம். செதில்கள் விரியவில்லை, அதனால் உடம்பில் நீர் கோத்து வீங்கும் நீர்க்கோவையாக (dropsy) இருக்காது என்று நினைக்கிறேன். மிதக்கும் தீனியோடு காற்றையும் விழுங்கியிருக்குமோ?

இரண்டு நாள் பட்டினி போட்டு, அப்புறம் வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்துக் கொடுத்தேன். கால்வாசித் தண்ணீரும் மாற்றியாயிற்று. அடுத்து எப்சம் உப்பா, கல்லுப்பா? 10 லிட்டருக்கு எவ்வளவு? புண்ணுக்கு என்ன தடவலாம்?

"புதுசு வாங்கிக்கோங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பையன் பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியைத்தான் பார்க்கிறான்.