கவுண்டர் சுஷி: என்ன சொல்லி வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது?

அரைக்கரண்டி:
பெல்ட்டில் தட்டு சுற்றிவரும் கடை பழக்கம்தான். அடுத்த வாரம் போகப்போவது, செஃப் எதிரில் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து வைக்கும் கவுண்டர் கடை. நாலு பேர். ஒருவர் சைவம், இன்னொருவருக்குப் பச்சை மீன் என்றாலே பயம். ஒமகாசே (செஃப்பே தேர்ந்து தருவது) எடுப்பதா, ஒவ்வொன்றாகச் சொல்லி வாங்குவதா? எந்த மீனில் தொடங்குவது? கையால் சாப்பிடலாமா? வாசாபி என்ற பச்சைக் காரப் பசையைச் சோயா சாஸில் கரைத்தால் செஃப் முறைப்பார் என்கிறார்களே, நிஜமா? இன்னொன்று, சோயாவில் தொட்டதும் சோறு உதிர்ந்து கிண்ணத்தில் விழுந்துவிடுகிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

ஷாரி_37:
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். நல்ல நிகிரியில் (பிடித்த சோற்றின்மேல் மீன் வைத்த சுஷி) சோற்றை இறுக்கிப் பிடிக்கவே மாட்டார்கள். கையில் எடுத்தால் நிற்கணும், வாயில் போட்டால் பிரியணும், அவ்வளவுதான் பிடி. சோற்றுப் பக்கம் சோயாவில் பட்டால் பஞ்சு மாதிரி உறிஞ்சி உடைந்துபோகும். வினிகர், உப்பு, சர்க்கரை ஏற்கெனவே சேர்ந்த சோறு வேறு, உப்புக் கரிக்கும். கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு பக்கம், ஆள்காட்டி விரல் மீன்மேல். அப்படியே சாய்த்து, மீனின் நுனி மட்டும் சோயாவில் படும்படி தொட்டு, முழுசாக ஒரே வாயில் போடுங்கள். கையால் சாப்பிடுவது ஜப்பானிலேயே ஏற்ற முறைதான், சோறில்லாத மீன் துண்டான சஷிமிக்குத்தான் சாப்ஸ்டிக். நிகிரிக்கும் சாப்ஸ்டிக்தான் வேண்டுமென்றால், முதலில் அதை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மீனையும் சோற்றையும் சேர்த்துப் பிடியுங்கள். கிண்ணத்தில் ஒரு டீஸ்பூன் சோயா போதும், தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம்.

நோரி என்ற கடற்பாசித் தாளால் சுவர் கட்டி மேலே மீன்முட்டை நிரப்பிய குங்கானைச் சாய்த்தால் எல்லாம் கொட்டிவிடும். அதற்கு, ஊறவைத்த இஞ்சியில் ஒரு துண்டைச் சோயாவில் நனைத்து, பிரஷ் மாதிரி மேலே தடவுங்கள். இஞ்சியின் உண்மையான வேலை இரண்டு மீனுக்கு நடுவில் நாக்கைத் துடைத்துவிடுவது. மீன்மேல் வைத்துச் சாப்பிட்டால் இஞ்சிதான் ருசிக்கும்.

கவுண்டர் கடைகளில் பெரும்பாலும் செஃப்பே சோயா தடவித்தான் வைப்பார். மீனின் மேல் ஈரமாக, லேசான பழுப்பில் பளபளப்பு தெரிந்தால் சோயா கிண்ணத்தின் பக்கமே போகாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நேரம் முக்கியம். சோறு உடல் சூட்டில் இருக்கும், மீன் அதைவிடக் குளிர்ச்சி. அந்த வித்தியாசம் வாயில் தெரிய வேண்டுமானால் வைத்த அரை நிமிஷத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். நாலு பேருக்கும் வரட்டும் என்று காத்திருப்பது மற்ற இடங்களில் மரியாதை, இங்கே நஷ்டம். கூம்பு வடிவ தெமாக்கிக்கு இன்னும் அவசரம்: நோரி சோற்றின் ஈரத்தை இழுத்து, மொறுமொறுப்புப் போய் ரப்பராகிவிடும். சுஷியை ஃபிரிட்ஜில் வைத்தாலும் இதே கதைதான், குளிரில் மாவுச்சத்து இறுகி அரிசி நறநறவென்று ஆகிவிடும். கடையிலேயே சோறு சில்லென்று கட்டியாக வந்தால், முன்கூட்டியே பிடித்து அடுக்கி வைத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாசாபி: மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் அந்தந்த மீனுக்குத் தக்க அளவு செஃப் வைத்துவிடுவார். கொழுப்பு மீன் காரத்தை அமுக்கும் என்பதால் அதற்குக் கூடுதல். அசல் வாசாபியை அப்போதைக்கப்போது துருவுவார்கள், கால் மணி நேரத்தில் அதன் வாசனை பறந்துவிடும். அதைச் சோயாவில் கரைப்பது வீண். பச்சைப் பசையாக உருட்டி வருவது பெரும்பாலும் ஹார்ஸ்ராடிஷ் வேரும் கடுகும் நிறமியும்தான். அதைக் கரைத்தால் பெரிய பாவம் ஒன்றுமில்லை, ஆனால் எல்லா மீனும் ஒரே ருசியாகிவிடும். காரமே வேண்டாமென்றால் "சாபி நுக்கி" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓட்டோரோ_கடைசியில்:
வரிசை பற்றி. மெலிந்த ருசியிலிருந்து கனத்த ருசிக்கு: ஹிராமே, மதாய் போன்ற வெள்ளைத் தசை மீன், பிறகு கணவாய், ஸ்காலப். அப்புறம் டூனாவின் சிவப்புத் தசை அகாமி, அதன் பின்னால் வயிற்றுப் பகுதியான சூட்டோரோ, ஓட்டோரோ. வினிகரில் பதப்படுத்திய கானாங்கெளுத்தியும் கடல் முள்ளெலியின் உனியும் அதற்கப்புறம். இனிப்புச் சாறு பூசிய கடல் விலாங்கு, நோரியில் சுருட்டிய மாக்கி, முட்டை தமாகோ கடைசியில். சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டோரோவில் தொடங்கினால் கொழுப்பு நாக்கில் படிந்து, அடுத்து வரும் ஹிராமே வெறும் தண்ணீராகத் தெரியும்.

ஒமகாசே என்றால் "உங்கள் பொறுப்பு" என்று செஃப்பிடம் விடுவது. இந்த வரிசைக் கவலை அவருடையது, அன்றைக்கு நல்லதாக வந்த மீனும் அதில்தான் கிடைக்கும். ஒவ்வொன்றாகக் கேட்பதற்கு ஒக்கொனோமி என்று பெயர். முதல்முறைக்கு ஒமகாசே எடுத்து, முடிவில் பிடித்த இரண்டை மட்டும் மறுபடி கேளுங்கள். வயிறு சின்னது என்றால் சோற்றைக் குறைத்துப் பிடிக்கச் சொல்லலாம், ஆரம்பத்திலேயே.

மைனஸ்_இருபது:
பயப்படும் நண்பருக்கு. பச்சை மீனில் முக்கியமான ஒட்டுண்ணி அனிசாகிஸ் புழு. வினிகரோ வாசாபியோ அதைக் கொல்லாது, கடுங்குளிர் கொல்லும். அமெரிக்க வழிகாட்டுதல் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள், அல்லது மைனஸ் 35-இல் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம். அதனால் "உறைந்த மீனா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். ஆனால் உறைய வைப்பது பாக்டீரியாவைக் கொல்லாது. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் பச்சை மீனைத் தவிர்ப்பதே சரி.

பயம் போகாவிட்டால் வேகவைத்த இறால், ஆக்டோபஸ், கடல் விலாங்கு, தமாகோ என்றே ஒரு வேளையை ஓட்டலாம். டூனா வெட்டில் வானவில் மினுக்கம் தெரிந்தால் கெட்டது என்று அர்த்தமில்லை, தசை நார்களில் ஒளி சிதறுவதுதான். அமோனியா நெடி அடித்தால் தொடாதீர்கள். மெனுவில் "வெள்ளை டூனா" என்றிருந்தால் என்ன மீன் என்று கேளுங்கள். எஸ்கோலாராக இருந்தால் அதிலுள்ள மெழுகு எண்ணெய் செரிக்காது, வயிறு பிய்த்துக்கொள்ளும். ஜப்பானில் அதை விற்கவே தடை.

அரைக்கரண்டி:
நன்றி நண்பர்களே. சைவ நண்பருக்கு வெள்ளரி மாக்கி, இனாரி (டோஃபு தோல் பையில் சோறு), மிசோ சூப் என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே?

கொம்பு:
வெள்ளரி மட்டும் சரி. மற்ற இரண்டிலும் தாஷி இருக்கும். தாஷி என்பது பெரும்பாலும் கொம்பு கடற்பாசியும் உலர்ந்த போனிட்டோ மீன் சீவலும் போட்டு எடுக்கும் சாறு. இனாரியின் டோஃபு தோலை அதில்தான் வேகவைப்பார்கள். கான்ப்யோ (சுரைக்காய் வற்றல்), ஷீட்டாகே காளான், தமாகோவுக்கும் அதே சந்தேகம். "மீன் இல்லை" என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு மீதியைத் தருவார்கள். "போனிட்டோ தாஷியும் ஆகாது" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வெள்ளரி, அவகாடோ, நாட்டோ (புளிக்கவைத்த சோயா) மாக்கிகளில் சிக்கல் குறைவு; நாட்டோவோடு வரும் சாஸ் பொட்டலத்தில் தாஷி இருக்கும், அது வேண்டாமென்று சொல்லுங்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால் வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு, போலி நண்டுக் குச்சியிலும் உண்டு.

இதையெல்லாம் அன்றைக்குக் கவுண்டரில் உட்கார்ந்து சொல்லாதீர்கள். ஒமகாசேக்கு மீன் முன்கூட்டியே வாங்கி வெட்டியாகிவிடும். புக் பண்ணும்போதே சொல்லணும்.

ஷாரி_37:
விட்டுப்போனவை. சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், பக்கத்து இருக்கைக்காரருக்கும் மீன் வாசனை தெரியாமல் போய்விடும். சாப்ஸ்டிக்கிலிருந்து சாப்ஸ்டிக்குக்குத் துண்டைக் கைமாற்றக் கூடாது. ஜப்பானில் தகனத்துக்குப் பின் எலும்பெடுக்கும் முறை அது. தேநீரை "அகாரி", சோயாவை "முராசாகி" என்று கேட்டுக் கெத்துக் காட்டுபவர்கள் உண்டு. அதெல்லாம் கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சொற்கள். பில் வேண்டுமென்றால் "ஒகைகேய்" போதும். ஜப்பானில் டிப்ஸ் வைக்க வேண்டாம்.