நடைபாதைச் சட்டத் திருத்தங்களுக்குப் பின் எங்கள் வட்டாரத்தில் கண்டவை

சிங்கப்பூரின் அங் மோ கியோவிலிருந்து:

2019 நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டர்களுக்குத் தடை வந்தபோது, எங்கள் புளோக்கின் முதியவர்கள் மிகவும் நிம்மதி அடைந்தார்கள். என் தாயார் கைத்தடி ஊன்றி நடப்பவர். பின்னால் மணியொலி கேட்டால், எந்தப் பக்கம் ஒதுங்குவதென்று தெரியாமல் நடுவழியிலேயே நின்றுவிடுவார். தடைக்குப் பிறகு அந்த அச்சம் குறைந்ததே தவிர முற்றிலும் நீங்கவில்லை. சைக்கிள்கள் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் நடைபாதையில் செல்லலாம் என்ற விதி அப்படியேதான் இருந்தது.

என் பார்வையில் உண்மையான மாற்றம் 2025 ஜூலை 1-இல் வந்தது. சைக்கிளோட்டப் பாதையை ஒட்டிச் செல்லும் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்றும், மீறுவோருக்கு 2,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம் என்றும் அன்றிலிருந்து நடைமுறையானது. தண்டனையின் கடுமையை விட விதியின் தெளிவையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒருவர் 10 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறாரா, 15-இல் வருகிறாரா என்று கண்ணால் அளந்து சொல்ல யாராலும் முடியாது. எந்தப் பாதையில் வருகிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். அண்மையில் ஒரு மாணவர் எங்களுக்கு எதிரே நடைபாதையில் சைக்கிளில் வந்தபோது, அம்மா கைத்தடியால் பக்கத்துப் பாதையில் வரைந்திருந்த சைக்கிள் சின்னத்தைக் காட்டினார். அவர் உடனே இறங்கி, மன்னிப்புக் கேட்டு, அந்தப் பக்கம் மாறிக்கொண்டார். முன்பு இதே சந்திப்பு வாக்குவாதத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் இத்தெளிவு இரு பாதைகளும் அருகருகே உள்ள இடங்களுக்கு மட்டுமே பொருந்தும். பெரிய அவென்யூவிலிருந்து பலதுறை மருந்தகத்துக்குத் திரும்பும் பழைய தெருவில் நடைபாதை குறுகலானது, சைக்கிளோட்டப் பாதையோ இல்லவே இல்லை. சட்டம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், பாதை போடப்படாத தெருவில் அம்மாவுக்குப் பழைய அச்சம்தான். 2030-க்குள் தீவு முழுவதும் சுமார் 1,300 கிலோமீட்டர் சைக்கிளோட்டப் பாதைகள் என்பது இலக்கு. அதில் மருந்தகத்துக்கும் ஈரச்சந்தைக்கும் செல்லும் தெருக்கள் முதலில் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஈசூனிலிருந்து:

அக்கா, உங்கள் பகிர்வைப் படித்தபோது என் தந்தையின் நிலை நினைவுக்கு வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு நெடுந்தூரம் நடக்க முடியாததால், அவர் இருக்கை உள்ள நடமாட்ட உதவி ஸ்கூட்டரைப் பயன்படுத்துகிறார். இத்தகைய சாதனங்களின் வேக வரம்பை மணிக்கு 10-லிருந்து 6 கிலோமீட்டராகக் குறைக்கவும், ஸ்கூட்டர் வகைக்கு மருத்துவச் சான்று கோரவும் வழிசெய்யும் திருத்தத்தை 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றியதும், தம் வண்டியையே பறித்துவிடுவார்களோ என்று அப்பா கலங்கினார். உடல்நலம் நன்றாக உள்ளவர்கள் சிலர் அதே வண்டியில் விரைந்து போவதால்தான் சான்று கேட்கிறார்கள் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகே அவர் மனம் ஆறியது. இந்தத் திருத்தத்தை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். இருக்கையில் அமர்ந்து செல்பவர்களை எல்லாரும் சந்தேகத்தோடு பார்ப்பது உண்மையிலேயே நடக்க இயலாதவர்களைத்தான் புண்படுத்துகிறது.

எங்கள் சிரமம் சாலை கடக்கும் இடத்தில் இருக்கிறது. முதியோர் தம் சலுகை அட்டையைத் தொட்டால் பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரியும் வசதி 2009 முதல் உள்ளது. அருமையான ஏற்பாடு அது. எனினும், எங்கள் சந்திப்பில் அட்டையைத் தொடும் கம்பத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே புல்தரை இருப்பதால், அப்பாவின் கை அதற்கு எட்டுவதில்லை. அருகில் நிற்பவர் யாரேனும் அட்டையை வாங்கித் தொட்டுத் தருகிறார்கள். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் இதைப் படத்துடன் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.